ஐந்தாவது ஆளுக்கு இருக்கை எங்கே?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள ஃபோக்ஸ்வேகன் டி6 கலிஃபோர்னியா ஓஷன் கேம்பர் வேன் ஒன்றைப் பழையதாக வாங்கி நான்கு ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று வயது. அடுத்த குழந்தை அக்டோபரில் பிறக்க இருக்கிறது. மேலே கூரைப் படுக்கையில் இருவரும் கீழே இருவரும் படுத்துக்கொண்டு, கைக்குழந்தையை எப்படியாவது நடுவில் கிடத்திக்கொள்ளலாம், வேனை மாற்ற வேண்டியதில்லை என்கிறார் கணவர். அது நடக்குமா?

பதில்: உங்கள் கணவர் படுக்கையை எண்ணுகிறார், முதலில் எண்ண வேண்டியது சீட் பெல்ட்டை. ஓஷன் வகையில் வழக்கமாக முன்னால் இரண்டு, பின் பெஞ்சில் இரண்டு என நான்கே இருக்கைகள் இருக்கின்றன. குழந்தை பிறந்ததும் நீங்கள் ஐந்து பேர். பிரிட்டனில் ஒரு குழந்தை 12 வயதையோ 135 செ.மீ. உயரத்தையோ எட்டும் வரை, இவற்றில் எது முன்னதாக வருகிறதோ அதுவரை, அதற்குரிய குழந்தை இருக்கையில்தான் பயணம் செய்ய வேண்டும் என்பது சட்டம். மீறினால் 500 பவுண்டு வரை அபராதம் உண்டு. மடியில் வைத்துக்கொண்டு போவதற்கு இங்கே வழியே இல்லை. படுக்கை போதாவிட்டால் வெளியே கூடாரம் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் ஓடுகிற வண்டிக்கு வெளியே இருக்கை போட முடியாது. ஆகவே இந்த வேனில் ஐவர் ஊர் போய்ச் சேரவே வழியில்லை என்னும்போது, அங்கே போய் எப்படிப் படுப்பது என்ற கேள்வி எழவே இல்லை.

ஓஷனிலேயே இன்னோர் இருக்கையைச் சேர்க்க முடியுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். அடுப்பும் கழுவுதொட்டியும் குளிர்பெட்டியும் கொண்ட அலமாரி ஒரு பக்கச் சுவர் நெடுகிலும் ஓடுவதால்தான் பெஞ்சு இருவர் அளவுக்குக் குறுகியிருக்கிறது. அதைப் பெயர்த்தெடுத்தால் நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கிய ஓஷனே இல்லாமல் போய்விடும். அதே தலைமுறையின் பீச் வகையில் அந்தச் சமையல் அலமாரி இல்லை. மூவர் அமரும் பெஞ்சும், அதை மடித்து விரித்தால் ஏறக்குறைய 150 செ.மீ. அகலப் படுக்கையும் கிடைக்கும். ஓஷனில் கீழ்ப் படுக்கையின் அகலம் ஏறக்குறைய 114 செ.மீ. மட்டுமே என்பது நான்கு ஆண்டுகளாக அதில் படுத்த உங்கள் முதுகுக்கே தெரிந்திருக்கும். ஓஷனை விற்றுவிட்டு, மூவர் பெஞ்சு போட்ட பீச் ஒன்றைத் தேடுங்கள் என்பதே என் யோசனை. இருவர் பெஞ்சுடன் வந்த பீச் வண்டிகளும் சந்தையில் இருப்பதால், விளம்பரத்தில் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். அடுப்பு இல்லாதது பெரிய இழப்பு அல்ல. தாளிக்கும் வாசனை மெத்தையில் ஏறினால் மூன்று நாள் போகாது என்பதால், எங்கள் வீட்டில் வெளியே மடிப்பு மேசையில்தான் சமைக்கிறோம்.

பெஞ்சு மூவருக்கானதாக இருந்தாலும் மூன்று குழந்தை இருக்கைகள் அதில் ஒன்றையொன்று ஒட்டி அமருமா என்பதைக் கடையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஐ-சைஸ் என்னும் பாதுகாப்புத் தரத்தில் வரும் குழந்தை இருக்கைக்கு அனுமதிக்கப்படும் உச்ச அகலம் 44 செ.மீ.; மூன்றும் அந்த அளவில் இருந்தால் 132 செ.மீ. வேண்டும். எண்கணக்கில் சரியாக வந்தாலும், நடு இருக்கையின் பெல்ட் கொக்கி பக்கத்து இருக்கையின் அடியில் புதைந்துவிடும். மழையில் பாதி உடல் கதவுக்கு வெளியே நிற்க, இரண்டு விரலை உள்ளே நுழைத்து அந்தக் கொக்கியைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்பதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மகளை முதுகுச் சாய்வுள்ள பூஸ்டரில், அதாவது குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கையில், முன்னால் அமர்த்தி, வண்டியின் முன்னிருக்கையை முடிந்த அளவு பின்னுக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் இரு சிறியவர்களோடு பின்னால் அமர்ந்துகொள்ளலாம்; சட்டம் அதற்கு இடம் தருகிறது. பின்நோக்கிய கைக்குழந்தை இருக்கையை மட்டும், ஏர்பேக் இயங்கும் நிலையில் முன்னால் பொருத்தவே கூடாது. ஐ-சைஸ் விதிப்படி குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை பின்நோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும்.

இனிப் படுக்கைக்கு வருகிறேன். கைக்குழந்தையை உங்கள் இருவருக்கும் நடுவில் கிடத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். தட்டையான, உறுதியான, தனக்கென ஒதுக்கிய இடத்தில், மல்லாந்த நிலையில், தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல் குழந்தை உறங்க வேண்டும் என்பதே இங்குள்ள மருத்துவ அறிவுரை. வேனின் நெருக்கத்தில் அது இரட்டிப்பாகப் பொருந்தும். பெஞ்சைப் படுக்கையாக விரித்த பிறகும் அதற்கும் முன்னிருக்கைகளுக்கும் இடையில் தரை கொஞ்சம் மிஞ்சும். இரவு உறக்கத்துக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் கேரிகாட் (கையில் தூக்கிச் செல்லும் தொட்டில்) ஒன்று அங்கே அமர்ந்துவிடும். கீழ்ப் படுக்கையில் நீங்களும் மகனும், கூரைப் படுக்கையில் கணவரும் மகளும் என்று பிரித்துக்கொண்டால், பாலூட்ட நீங்கள் கையை நீட்டினால் போதும். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை மேலடுக்கில் படுக்க வைக்க வேண்டாம் என்பது அடுக்குக் கட்டில்களுக்கான பொது எச்சரிக்கை. உங்கள் மகள் அந்த வரம்பைத் தொட்டுவிட்டாள், மகன் இன்னும் மூன்றாண்டு காத்திருக்கட்டும். மேலே இருப்பவர் நள்ளிரவில் இறங்கும்போது எங்கே கால் வைப்பார் என்பதைப் பகலிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். எங்கள் இரண்டாவது மகன் பிறந்த ஆண்டில், வேல்ஸில் ஒரு முகாமில், இருட்டில் இறங்கிய என் கால் கேரிகாட்டின் விளிம்பில் போய் நின்றது; அன்று முதல் தொட்டிலின் இரு ஓரத்திலும் ஒளிரும் நாடா ஒட்டியிருக்கிறோம்.

பகலெல்லாம் குழந்தைகள் உட்கார்ந்து வந்த மூன்று இருக்கைகளும் இரவில் எங்கே போகும் என்பதை ஏனோ யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பெஞ்சை விரிக்க வேண்டுமென்றால் அவை இறங்கியே தீர வேண்டும். முன்னிருக்கைகளின் மேல் இரண்டை ஏற்றிவிடலாம், மூன்றாவது வாசலில் நிற்கும். வேனின் பக்கவாட்டில் இணைத்து, வேண்டும்போது கழற்றி நிறுத்திவிட்டுப் போகக்கூடிய இணைப்புக் கூடாரம் ஒன்று இருந்தால் இருக்கைகளும் தள்ளுவண்டியும் சேற்றுச் செருப்புகளும் அங்கே போய்விடும். மகன் வளர்ந்ததும் அதிலேயே உள்ளறை ஒன்றைத் தொங்கவிட்டுக் கணவர் அங்கே குடிபெயரலாம், குறட்டையும் அவரோடு வெளியேறிவிடும். குளிருகிறதே என்று அடுப்பையோ, அணைந்ததுபோல் தோன்றும் கரி அடுப்பையோ வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எக்காரணம் கொண்டும் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகே பொருத்திவிடுங்கள். முறையாகப் பொருத்திய டீசல் ஹீட்டரைக் குறைவாக வைத்து, உட்புற வெப்பத்தை 16 முதல் 20 பாகை செல்சியஸுக்குள் நிறுத்தினால் கைக்குழந்தைக்குப் போதும்.

கேள்வி: லெஸ்டரில் இருக்கிறோம், எங்களுக்கு மூன்று குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது. ஆறு பேர் படுக்கக்கூடிய பழைய மோட்டார்ஹோம் ஒன்று குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. பெல்ட் நான்குதான் இருக்கிறது. பக்கவாட்டு சோபாவில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார் விற்பவர்.

பதில்: வேண்டாம். பக்கவாட்டாகப் பார்க்கும் இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தக் கூடாது, மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையோ குழந்தை இருக்கை இல்லாமல் போகக் கூடாது. விற்பவர் சொன்னதற்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. பழைய வண்டிகளில் படுக்கை ஆறும் பெல்ட் நான்கும், சிலவற்றில் இரண்டு மட்டுமே கூட இருப்பது சாதாரணம். ஆறு பெல்ட் உள்ள வண்டி கிடைத்தால் எடையைக் கவனியுங்கள். 1997 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் அந்த உரிமத்தைக் கொண்டு, பொதுவாக, மொத்த எடை 3,500 கிலோ வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். வண்டியில் பதித்த தகட்டில் முதலில் இருக்கும் எடை எண்தான் அந்த வண்டியின் மொத்த எடைக்கான உச்ச வரம்பு; அதிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்து மிஞ்சுவதற்குள் ஐந்து பேர், லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் தண்ணீர், எரிவாயு உருளை, மிதிவண்டிகள், அரிசி மூட்டை எல்லாம் அடங்க வேண்டும். வாங்குவதற்கு முன்பு பொது எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்று குழந்தைகளோடு போய்வர, சரக்கு வேன் ஒன்றை வாங்கி நாங்களே கேம்பராக மாற்றலாம் என்றிருக்கிறோம். பின் பெஞ்சைப் பழைய கடையில் வாங்கினால் செலவு குறையுமே?

பதில்: அலமாரி, மெத்தை, திரை, விளக்கு எல்லாவற்றையும் பழையதாகவே வாங்குங்கள், பெஞ்சை மட்டும் வேண்டாம். விபத்தின்போது மூன்று குழந்தைகளின் எடை முழுவதும் பெஞ்சின் கால்களையும், அவற்றைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் தாக்கும். ஆகவே இழுவிசைச் சோதனையில் தேறிய பெஞ்சைப் புதிதாக வாங்கி, தயாரித்தவர் காட்டும் இடங்களில், அவர் சொல்லும் அடித்தகடுகளோடு, அனுபவமுள்ளவரைக் கொண்டு பொருத்துங்கள். அலமாரிக்கு இடம்விட்டு வரும் முக்கால் அகலப் பெஞ்சில் பெரும்பாலும் இரண்டு பெல்ட்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டியது முழு அகலப் பெஞ்சு. வேலை முடிந்ததும் மாற்றத்தை வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதில் கையில் வந்த பிறகே குழந்தைகளை ஏற்றுங்கள்.