தங்கம் தீர்ந்த பிறகு தொடங்கும் ஆட்டம்: பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். அந்த நாட்களில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பழைய கம்ப்யூட்டர்களை வயர் போட்டு இணைத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுகிறோம். ஊரை வளர்த்து, படை திரட்டி, எதிரியை வெல்லும் கம்ப்யூட்டர் ஆட்டம் அது. 1999இல் வந்த ஆட்டம், 2000இல் வந்த அதன் கூடுதல் பாகமான தி கான்கரர்ஸ், இந்த இரண்டுதான். மோட், அதாவது ஆட்டத்தை மாற்ற மற்றவர்கள் செய்த ஃபைல், எதுவும் போடுவதில்லை. ஆட வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கேட்டதற்கெல்லாம் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, 2019இல் வந்த புதுப் பதிப்பில் படம் பளிச்சென்று இருக்கிறது. வந்தபோதே 35 நாடு இருந்தது. நீங்கள் ஏன் 18 நாட்டை வைத்துக்கொண்டே ஆடுகிறீர்கள்? (தங்கச்சிமடம்)

புதுப் பதிப்பைக் குறை சொல்ல மாட்டேன் தம்பி, நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அது மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முறை ஒரு படையின் விலை குறையும், அடுத்த முறை வேறொன்றின் பலம் கூடும். பழையதில் வேலை செய்யும் ஆளான வில்லேஜர் ஒருவருக்கு 50 உணவு, உருவாக 25 விநாடி. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் அதுதான், இப்போதும் அதுதான். அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படியே செல்லுபடியாகிறது.

இது ஒரு காரணம். எனக்குப் பெரிய காரணம் தங்கம். ஆட்டத்தில் உணவு, மரம், தங்கம், கல் என்று நாலு பொருள்தான். ஈட்டிக்காரன் குதிரையை மடக்குவான், வில்லாளி ஈட்டிக்காரனை அடிப்பான், எறியீட்டி வீசும் ஸ்கர்மிஷர் வில்லாளியை அடிப்பான், குதிரைக்காரன் ஸ்கர்மிஷரை மிதித்துவிட்டுப் போவான். இதைச் சின்னப் பையனும் பத்து நிமிஷத்தில் புரிந்துகொள்வான். இப்போது விலையைப் பாருங்கள். நைட் என்ற கவசக் குதிரை வீரர் ஒருவருக்கு 60 உணவும் 75 தங்கமும். ஈட்டிக்காரனுக்கு 35 உணவும் 25 மரமும், தங்கமே வேண்டாம். ஸ்கர்மிஷருக்கும் வேண்டாம். மண்ணில் இருக்கும் தங்கமோ தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும். முதல் ஒரு மணி நேரம் நைட்டை வைத்து ஊரையே மிரட்டியவர், சுரங்கம் காலியானதும் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏழைப் படை என்று நாம் ஒதுக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் முன்னால் வரும். மாங்க் என்ற துறவி தூக்கிவந்து மடத்தில் வைத்த ரிலிக் என்ற புனிதப் பொருள் சொட்டுச் சொட்டாகத் தங்கம் தந்துகொண்டிருக்கும். கூட்டாளியின் சந்தைக்கு வண்டி விட்டவருக்கும் பிழைப்பு உண்டு. ரிலிக்கை ஆரம்பத்திலேயே எடுத்து வைத்தவரின் அருமை மற்றவர்களுக்குக் கடைசியில்தான் தெரியும். ஒரே விதிக்குள் முதல் பாதி ஒரு ஆட்டம், பின்பாதி வேறு ஆட்டம். இத்தனை வருஷம் கழித்தும் இது எனக்குச் சலிக்கவில்லை.

என் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அங்கே ஆடுவதே இல்லையாம். வந்த அன்றைக்கே என்னைத் தோற்கடித்துவிடுகிறார். எப்படி? (கீழக்கரை)

அடுத்த முறை அவர் சண்டை போடுவதைப் பார்க்காதே, முதல் ஐந்து நிமிஷத்தைப் பார். ஆட்டம் தொடங்கும்போது மூன்று வில்லேஜரும் ஒரு வேவுக் குதிரையும் இருக்கும். கையில் 200 உணவு, அதாவது நாலு பேரை உருவாக்கலாம். ஆனால் ஆட்களை உருவாக்கும் நடுக் கட்டடமான டவுன் சென்டரில் ஐந்து பேருக்குத்தான் இடம். நாலு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆகவே உணவு நாலு பேருக்கு, இடம் ஒருவருக்கு. உன் காக்கா கை வைத்த உடனே 30 மரத்தில் வீடு கட்டத் தொடங்கியிருப்பார். நீ உணவுக்காகச் செம்மறி ஆட்டைத் தேடி ஓடியிருப்பாய்.

அப்புறம் டவுன் சென்டரை ஒரு விநாடிகூடச் சும்மா விட்டிருக்க மாட்டார். 25 விநாடிக்கு ஒருவர். நீ இரண்டு நிமிஷம் மறந்தால் நாலு பேர் குறைந்துவிடுவார்கள். அந்த நாலு பேர் வெட்டியிருக்க வேண்டிய மரம் ஆட்டம் முடியும்வரை உனக்குக் கிடைக்காது. கைக்கு இது பழகிவிட்டால் போதும், இரண்டு வருஷம் தொடாவிட்டாலும் போகாது.

நம்ம பாண்டியர், சோழர் இல்லையே. உங்களுக்கு வருத்தமாக இல்லையா? (தேவிபட்டினம்)

வருத்தம் உண்டு. 1999இல் வந்தது 13 நாடு, கான்கரர்ஸில் இன்னும் ஐந்து. இந்தியாவிலிருந்து ஒன்றுகூடக் கிடையாது. நம்ம பெரியபட்டினத்தில் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அழகன்குளத்தில் ரோமானியர் காலத்து வணிகத்தின் தடயம் கிடைத்தது. பாண்டியர் அரபுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக வாங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இந்த ஆட்டம் சொல்லும் காலம் நம்ம கரை கொடிகட்டிப் பறந்த காலம். அது விடுபட்டது பெரிய குறைதான். 2022இல் புதுப் பதிப்பில் திராவிடர் என்று ஒரு நாட்டைச் சேர்த்து, ராஜேந்திர சோழன் கதையும் வைத்தார்கள். அதற்காகவே ஒரு கம்ப்யூட்டரில் புதியதையும் போட்டு, கதையை முழுக்க ஆடி முடித்தேன்.

மோட் போட்டுப் பழையதிலேயே பாண்டியரைக் கொண்டுவரலாமே என்றும் கேட்டார்கள். ஒருமுறை போட்டுப் பார்த்தோம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு இன்னொன்றில் இல்லையென்றால் ஆட்டம் நடுவிலேயே அறுந்துவிடும். ஒரு மாலை முழுக்க ஆறு பேரும் ஃபைல் காப்பி பண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்.

இதில் மீன்பிடிப்பது நம்ம தொழில் மாதிரியே இருக்கிறதா? (பாம்பன், நாட்டுப்படகுக்காரர்)

பாதி இருக்கிறது அண்ணே. துறைமுகம் கட்டி 75 மரத்தில் படகு இறக்கலாம். கரையோர மீன் தனி, ஆழ்கடல் மீன் தனி. ஆழ்கடல் மீன் இருக்கும் இடத்துக்கு அருகில் துறைமுகம் வைத்தவருக்குப் போகவர நேரம் மிச்சம். இது நான் சொல்லாமலே நீங்கள் அறிந்தது. 100 மரத்தில் கடலில் பொறி ஒன்றும் நடலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் களங்கட்டி வலை ஞாபகம் வரும்.

இல்லாதது காற்று. வாடையும் இல்லை, கொண்டலும் இல்லை, நீரோட்டமும் இல்லை. அதைவிடப் பெரியது, அங்கே மீன் குஞ்சு பொரிக்காது. ஒரு கூட்டத்தை அள்ளினால் அந்த இடம் அதோடு காலி. தடைக்காலம் என்ற ஒன்றே அந்தக் கடலில் கிடையாது. தடைக்காலத்தில் உட்கார்ந்துகொண்டு அதை ஆடும்போது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். படகு ஓட்டும் தம்பிகளிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் தீவு வரைபடத்தில் ஆடவே விடுகிறேன்.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். இதில் வரும் சரித்திரத்தை நம்பலாமா? (ராமநாதபுரம், ஒரு அம்மா)

ஆர்வத்தைத் தூண்ட நம்பலாம் அம்மா, பரீட்சைக்கு நம்ப வேண்டாம். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் கதையில் ஆர்லியன்ஸ் நகருக்குத் தானிய வண்டி கொண்டுபோக வேண்டும். 1429 முற்றுகை உண்மை, 1431இல் ரூவான் நகரில் அவரை எரித்ததும் உண்மை. ஆனால் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா கதையின் முடிவைப் பாருங்கள். 1190இல் அந்தப் பேரரசர் ஆற்றில் மூழ்கி இறந்துபோவார். அவர் உடலைப் பீப்பாயில் வைத்து ஜெருசலேம்வரை நாம் கொண்டுபோக வேண்டும். நிஜத்தில் வினிகரில் பதப்படுத்திப் பார்த்தார்கள், உடல் தாங்கவில்லை, ஜெருசலேம் போய்ச் சேரவும் இல்லை. ஆடி முடித்த பிறகு உங்கள் மகனே புத்தகத்தைத் தேடி எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கோடு போட்டுப் பார்க்கட்டும். நான் அப்படித்தான் சரித்திரப் பாடத்துக்குள் வந்தேன்.

என் பழைய லேப்டாப்பில் ஓடுமா? (தொண்டி)

ஓடும். பென்டியம் 166, 32 எம்பி ராம் இருந்தால் போதும் என்றுதான் வெளிவந்தது. விண்டோஸ் 10 என்றால், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டைரக்ட்பிளே என்ற பழைய வசதியை ஆன் செய்துகொள்ளுங்கள்.

எல்லோரும் 11 என்று அடித்துவிட்டுச் சிரிக்கிறார்களே, ஏன்? (மண்டபம், ஒரு தங்கச்சி)

சாட்டில் 11 அடித்தால் எல்லார் கம்ப்யூட்டரிலும் ஒருவர் விழுந்து விழுந்து சிரிப்பார், தங்கச்சி. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சத்தம் உண்டு. கோட்டையை இடித்த அடுத்த நொடியில் 11 வந்தால் அந்த மாடியில் பேச்சே கேட்காது.

குறையே இல்லையா அண்ணே? (சாயல்குடி)

இருக்கிறது. காட்டோரம் படையை அனுப்பினால் வழி தெரியாமல் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். 1999 ஆட்டத்தில் ஒவ்வொரு வயலையும் காய்ந்ததும் நாமே போய்த் திரும்பப் போட வேண்டும். கான்கரர்ஸ் வந்துதான் மில்லில் வயலுக்கு முன்கூட்டியே மரம் கட்டி வைக்கும் வசதி வந்தது. அப்புறம் ஹன்கள் என்ற நாடு. அவர்களுக்கு வீடே வேண்டாம், கட்டும் நேரமும் மரமும் மிச்சம். திறந்த வரைபடத்தில் நேருக்கு நேர் ஆடினால் எல்லோரும் ஹன்களையே எடுப்பார்கள். அதனால் எங்கள் மாடியில் நாட்டைக் கம்ப்யூட்டரே பொறுக்கித் தரும், யாரும் கேட்டு வாங்கக் கூடாது.

நீங்கள் போட்ட ராமேஸ்வரம் வரைபடம் கிடைக்குமா? (ஏர்வாடி)

கிடைக்கும். அது மோட் இல்லை, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் எடிட்டரில் போட்டது. மண்டபம் ஒரு பக்கம், தீவு ஒரு பக்கம், நடுவில் பாலம் இல்லாத பாம்பன். படை ஏற்றத் தோணி வேண்டும். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளை ஆழமில்லாத நீராகப் போட்டிருக்கிறேன். ஆட்டத்தில் அதன் மேல் ஆளும் நடக்கலாம், கப்பலும் போகலாம். நிஜத்தில் பெரிய கப்பல் அங்கே நுழைய முடியாமல் இலங்கையைச் சுற்றிப் போகிறது. அதை மட்டும் என்னால் சரி செய்ய முடியவில்லை. பென்டிரைவ் எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வா தம்பி.