பணம் கட்டும் முன் லாக்புக்கைப் பாருங்கள்

கேள்வி: மகன் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் எடுத்து முடித்துவிட்டான். பைலட் ஆவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் 48 லட்சம் கேட்கிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 4 லட்சம் குறைப்பார்களாம். வீட்டை அடமானம் வைக்க யோசிக்கிறோம். எதைப் பார்த்து முடிவு செய்வது?
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: மொத்தமாக மட்டும் கட்டிவிடாதீர்கள் அம்மா. என் அப்பா நிலத்தை விற்று, முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டினார். மூன்றாம் மாதம் பள்ளியின் இரண்டு விமானங்களும் உதிரிபாகம் வராமல் நின்றுபோயின. ஐந்து மாதம் நான் தரையிலேயே இருந்தேன். பணம் எங்கள் கையில் இருந்திருந்தால் வேறு பள்ளிக்கு மாறியிருப்பேன். இன்று பயிற்றுநராக இருக்கும் நான் பெற்றோரிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பறக்கப் பறக்கத் தவணையாகக் கட்டுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத பள்ளி வேண்டாம்.

கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதனால் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு மாணவர் மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்பது. மாதம் 8 மணி என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். 15 மணி என்றால் பதினாலு மாதத்தில் முடியும். இடையில் உள்ள அத்தனை மாதமும் ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவு உங்கள் தலையில்தான்.

அலுவலகத்தில் சொல்லும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மகனோடு நேரில் போய் இரண்டு நாள் தங்குங்கள். காலை ஆறு மணிக்கே விமானங்களை நிறுத்தி வைக்கும் ஹேங்கர் பக்கம் நின்று, எத்தனை விமானம் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். பத்து விமானம் இருக்கும், நாலுதான் பறக்கும். அப்புறம், சீனியர் மாணவர்கள் டீ குடிக்கும் இடத்துக்குப் போய், அவர்கள் பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தேதி வாரியாக இருக்கும். மார்ச் 3க்கு அடுத்த வரி ஏப்ரல் 19 என்றால் ஏன் என்று கேளுங்கள். வட மாநிலங்களில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இருக்கும். அதனால் வரும் இடைவெளியைக் குறை சொல்ல முடியாது. நல்ல வெயில் காலத்திலும் பக்கம் காலியாக இருந்தால், அந்தப் பள்ளியில் விமானமோ பயிற்றுநரோ போதவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. லைசென்ஸ் வந்த பிறகு ஏர்பஸ், போயிங் ஓட்ட டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி உண்டு. அதற்கும் பல லட்சம் ஆகும். 48 லட்சத்தோடு முடிகிறது என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டிருக்கிறேன். பைலட் ஆக முடியுமா?
- கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: கண்ணாடி போட்டுப் பார்வை சரியாகிவிட்டால் அது தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். பயிற்சி தொடங்க கிளாஸ் 2 மருத்துவச் சான்று போதும் என்பார்கள். ஆனால் வேலைக்குப் போக கிளாஸ் 1 வேண்டும். அதை ஃபீஸ் கட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். பாதி வழியில் தெரிய வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 31 மணி நேரம் ஆகியும் என்னைத் தனியாகப் பறக்க விடவில்லை. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாரும் சோலோ போய்விட்டார்கள். லேண்டிங்தான் வரவில்லை. விட்டுவிடலாமா?
- பயிற்சி மாணவர்

பதில்: தம்பி, விட வேண்டாம். தரை தொடும் முன் விமானத்தின் மூக்கைத் தூக்கும் ஃபிளேரின்போது கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே ஓடும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே எல்லாம் வேகமாக நகரும், உயரம் பிடிபடாது. பயந்து கண்ட்ரோலைச் சட்டென்று இழுப்பீர்கள், விமானம் மறுபடி மேலே எழும்பிவிடும். ரன்வேக்கு மேல் வந்ததும் பார்வையை அதன் கடைசி முனைக்குக் கொண்டுபோங்கள். ரன்வேயின் இரு ஓரங்களும் பக்கவாட்டில் விரிந்து எழும்பி வருவது தெரியும். அப்போது மெதுவாக இழுத்துப் பிடியுங்கள்.

ராத்திரி அறையில் காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, புறப்பட்டு, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் முழு சர்க்யூட்டையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை நகர்த்திப் பழகுங்கள். ரன்வேக்கு இணையாகப் பறக்கும்போது செய்யும் டவுன்விண்ட் செக், இறக்கையில் இறக்கும் ஃபிளாப், வேகம், ரேடியோவில் சொல்ல வேண்டியது எல்லாமே. தினம் பத்து முறை. எஞ்சின் ஓடினால் நிமிடத்துக்குக் காசு; இதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. காலையில் காற்று எழும் முன் உள்ள முதல் ஸ்லாட்டைக் கேட்டு வாங்குங்கள். நாலைந்து முறை பார்த்தும் சரியாகவில்லை என்றால், வேறு பயிற்றுநரோடு ஒரு நாள் பறக்கிறேன் என்று தலைமைப் பயிற்றுநரிடம் தயங்காமல் கேளுங்கள்.