வயதான அமெரிக்கத் தலைவர்களை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும்? கேள்வி பதில்

அமெரிக்காவில் தள்ளாத வயதிலும் தலைவர்கள் பதவியில் நீடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

சார், அங்கே வயது உச்சவரம்பு ஏதாவது உண்டா?

இல்லை. குறைந்தபட்ச வயது மட்டும்தான்: காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் இரு சபைகளில் பிரதிநிதிகள் சபைக்கு 25, செனட்டுக்கு 30; அதிபருக்கு 35. சவுத் கரோலைனாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் நூறு வயது நிறைந்த பிறகு, 2003 ஜனவரியில்தான் செனட்டை விட்டுப் போனார்.

மாநிலங்கள் தாங்களே சட்டம் போட்டுக்கொள்ளலாமே?

நார்த் டகோட்டா போட்டிருக்கிறது. 2024 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 81 வயதாகிவிடும் என்றால் அவர் அந்த மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்குப் போக முடியாது.

ஆனால் இது நீதிமன்றத்தில் நிற்பது கடினம். 1995-ல் ஆர்கன்சா மாநிலம் இத்தனை முறைக்கு மேல் போட்டியிடக் கூடாது என்று விதி வைத்தபோது, அரசியல் சட்டத்தில் உள்ள தகுதிகளுக்கு மேல் எதையும் மாநிலம் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பு இருக்கும்வரை வயது வரம்புக்கும் அதே கதிதான். உண்மையான உச்சவரம்பு வேண்டுமென்றால் அரசியல் சட்டத் திருத்தம் தேவை. அதற்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு 50 மாநிலங்களில் 38-ன் ஒப்புதலும் வேண்டும். வயதான உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தங்களை வெளியேற்ற வேண்டும் என்பதால், இதை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நினைவே தப்பிவிட்ட ஒருவரை சபையே நீக்க முடியாதா?

மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் எந்த உறுப்பினரையும் வெளியேற்றலாம். நோய்க்காகவோ முதுமைக்காகவோ அப்படி யாரையும் வெளியேற்றியதில்லை.

1981-ல் மட்டும் வேறு மாதிரி நடந்தது. மேரிலாந்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கிளாடிஸ் ஸ்பெல்மன் 1980 அக்டோபர் 31 அன்று மாரடைப்பால் கோமாவில் விழுந்தார். சில நாளிலேயே வந்த தேர்தலில் ஜெயித்தும்விட்டார். பிரமாணம் எடுக்க அவரால் முடியவில்லை. 1981 பிப்ரவரியில் சபை தீர்மானம் போட்டு அந்த இடத்தைக் காலி என்று அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது பிரமாணம் எடுக்கவில்லை என்பதைத்தான். பிரமாணம் எடுத்து முடித்த பிறகு ஒருவர் படுத்த படுக்கையானால் இந்த வழியும் அடைபட்டுவிடும். (அந்த இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தவர் ஸ்டெனி ஹோயர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக சபையிலேயே இருந்துவிட்டார்.)

செனட்டில் சவுத் டகோட்டாவின் கார்ல் மண்ட் 1969 நவம்பரில் பக்கவாதத்தால் விழுந்தார். 1973 ஜனவரி வரை, மூன்று வருஷத்துக்கு மேல், ஒரு நாள்கூட சபைக்கு வராமலே செனட்டராக இருந்தார். மனைவியை அந்த இடத்தில் நியமித்தால் விலகத் தயார் என்றார், ஆளுநர் ஒப்புக்கொள்ளவில்லை. 1972-ல் அவருடைய கமிட்டி இடங்களைத்தான் கட்சியால் பறிக்க முடிந்தது, பதவியை அல்ல.

தஞ்சாவூரிலிருந்து கேட்கிறேன். நம்மிடம் 60 நாள் விதி இருக்கிறதே, அதுபோல அங்கே?

இல்லை. நம் அரசியல் சட்டத்தின் 101(4), 190(4) பிரிவுகள்படி அனுமதி இல்லாமல் 60 நாள் வராவிட்டால் இடத்தைக் காலி என்று அவை அறிவிக்கலாம். உடல்நிலையைக் காரணம் காட்டி விடுப்புக் கேட்டால் அவை கொடுத்துவிடும் என்பதால் அந்த விதி முதியவர்கள்மேல் பாய்வதில்லை. ஆனாலும் விடுப்புக் கேட்டே ஆக வேண்டும், அது அவைக் குறிப்பில் ஏறும், ஜனங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் யார் ஓட்டுப் போடவில்லை என்பது பதிவாகும், ஏன் என்பது வெளியே வராமலே போகலாம். டெக்சாஸின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் கே கிரேஞ்சர் 2024 ஜூலைக்குப் பிறகு ஒரு ஓட்டும் போடவில்லை. அவர் முதியோர் குடியிருப்பில் இருக்கிறார் என்பது டிசம்பரில்தான் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன்புவரை நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியின் தலைவராக இருந்தவர் அவர்.

ஒரே ஒரு செனட்டர் வராததால் நீதிபதி நியமனமே நின்றது என்கிறார்களே, எப்படி?

கலிஃபோர்னியாவின் டெமாக்ரட் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் விஷயம். இதை விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

2023 பிப்ரவரியில் அவருக்கு 89 வயது. அக்கி வந்து படுத்தார். நீதிபதி நியமனங்களை முதலில் பரிசீலிப்பது அவர் இருந்த செனட் நீதித்துறைக் கமிட்டி. அதில் 21 பேர்: டெமாக்ரட் 11, ரிபப்ளிக்கன் 10. அவர் இல்லாவிட்டால் 10-க்கு 10. சமநிலை என்றால் நியமனம் கமிட்டியைத் தாண்டாது. வராதவர் சார்பில் இன்னொருவர் போடும் பிராக்ஸி ஓட்டு, ஒரு நியமனத்தைக் கமிட்டியிலிருந்து வெளியே அனுப்பச் செல்லாது. நேரில் இருப்பவர்களின் பெரும்பான்மைதான் கணக்கு.

சரி, கமிட்டியில் வேறு ஒருவரைத் தற்காலிகமாகப் போடலாமே என்றால், ஆண்டின் தொடக்கத்தில் நிறைவேறிய கமிட்டிப் பட்டியலை மாற்ற வேண்டும். அதற்கு ஒருவர்கூட ஆட்சேபிக்கக் கூடாது, ஆட்சேபித்தால் 60 ஓட்டு வேண்டும். ஏப்ரல் 18 அன்று இன்னொரு டெமாக்ரட் செனட்டர் பென் கார்டினைப் போட, செனட்டில் அக்கட்சியின் தலைவர் சக் ஷூமர் அனுமதி கேட்டார். ரிபப்ளிக்கன் லிண்ட்சே கிரகாம் ஆட்சேபித்தார், அத்தோடு முடிந்தது. மே 10 அன்று ஃபைன்ஸ்டைன் சக்கர நாற்காலியில் திரும்பி வந்த பிறகுதான், ரிபப்ளிக்கன் ஆதரவு இல்லாமல் நின்றிருந்த நியமனங்கள் நகர்ந்தன. செப்டம்பர் 29 அன்று, 90 வயதில், பதவியிலேயே இறந்தார்.

அவர் ராஜினாமா செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலர் கேட்கிறீர்கள். கலிஃபோர்னியா ஆளுநர் உடனே ஒருவரை செனட்டுக்கு நியமித்திருப்பார். அவர் இறந்த சில நாளிலேயே லஃபான்சா பட்லர் பிரமாணம் எடுத்தார் அல்லவா, அதேபோல. ஆனால் புதியவரைக் கமிட்டியில் உட்காரவைக்கவும் அதே அனுமதி வேண்டும். அதனால் ராஜினாமாதான் கை கொடுத்திருக்கும் என்று அடித்துச் சொல்பவர்கள் பாதிக் கணக்குதான் பார்க்கிறார்கள். அந்த ஆண்டின் கமிட்டிப் பட்டியல் நிறைவேறுவதற்கு முன்பே கமிட்டி இடத்தை விட்டுக் கொடுத்திருக்க வேண்டும். என் கருத்தில் அங்கேதான் தவறு நடந்தது.

அப்படியானால் முடியாதவர் நடுவில் விலகுவதே நல்லதில்லையா?

செனட்டா, பிரதிநிதிகள் சபையா என்பதைப் பொறுத்தது. செனட்டில் பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் நியமிக்கலாம். விஸ்கான்சின், ஓரிகன் போன்ற சிலவற்றில் தேர்தல்தான். கென்டக்கியில் ஆளுநர் டெமாக்ரட், சட்டமன்றமோ ரிபப்ளிக்கன்கள் கையில். அந்த மாநிலத்தின் ரிபப்ளிக்கன் செனட்டர் மிட்ச் மெக்கானல் 2023-ல் இரண்டு முறை கேமரா முன்னால் பேச்சு உறைந்து நின்ற பிறகு, 2024-ல் ஆளுநரின் நியமன அதிகாரத்தையே சட்டமன்றம் எடுத்துவிட்டது. ஒருவரின் முதுமையைச் சுற்றி ஒரு மாநிலச் சட்டமே மாறுகிறது, பாருங்கள்.

பிரதிநிதிகள் சபையில் நியமனமே கிடையாது. தேர்தல் நடக்கும்வரை இடம் காலி. ஹூஸ்டனின் 18-வது தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷீலா ஜாக்சன் லீ 2024 ஜூலையில் 74 வயதில் இறந்தார். 2025 ஜனவரியில் பதவிக்கு வந்த சில்வெஸ்டர் டர்னர் 2025 மார்ச்சில் 70 வயதில் இறந்தார். டெக்சாஸ் ஆளுநர் இடைத்தேர்தலை நவம்பர் 4-க்கு வைத்தார். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் 2026 ஜனவரி 31 வரை இழுத்தது. ஏறத்தாழ பதினொரு மாதம் அந்த ஜனங்கள் சார்பில் சபையில் ஓட்டே இல்லை.

அதே 2025 வசந்தத்தில் சபையின் டெமாக்ரட் உறுப்பினர்கள் ராவுல் கிரிஹால்வா, ஜெரி கானலி இருவரும் இறந்தார்கள். மே 22 அன்று டிரம்ப்பின் பெரிய வரி மசோதா 215-க்கு 214 என்று சபையில் நிறைவேறியபோது மூன்று டெமாக்ரட் இடங்கள் காலி. மூவரும் இருந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று சொல்வது மிகை. அன்று ஓட்டுப் போடத் தவறிய ரிபப்ளிக்கன்கள் இருவர் உண்டு. ஆனால் அந்த ஒரு ஓட்டு இடைவெளியில் எந்தத் தலைமையும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஒரு எம்.பி. விலகிவிட்டால் அவருடைய அலுவலகம் என்ன ஆகும்? பாஸ்போர்ட், பென்ஷன் விண்ணப்பங்களை யார் பார்ப்பார்கள்?

பிரதிநிதிகள் சபை என்றால் அலுவலகம் மூடப்படாது. சபையின் கிளார்க் பொறுப்பேற்பார். பெயர்ப் பலகையில் உறுப்பினர் பெயர் போய், இன்ன மாநிலத்தின் இத்தனையாவது தொகுதி அலுவலகம் என்று இருக்கும். ஊழியர்கள் தொடர்வார்கள், மனுக்களைக் கவனிப்பார்கள். ஆனால் மசோதா பற்றி உங்கள் கருத்தைச் சொன்னால் அதை எடுத்துப் போய் ஓட்டாக்க ஆள் இல்லை.

பைடனை 25-வது திருத்தம் கொண்டு நீக்கியிருக்கலாம் என்றார்களே?

இரண்டு விஷயம் குழம்பிப் போயிருக்கிறது. வேட்பாளராக நீடிப்பது வேறு, அதிபராக நீடிப்பது வேறு.

25-வது திருத்தத்தின் 4-ம் பிரிவுப்படி துணை அதிபரும், 15 துறைச் செயலர்களில் குறைந்தது 8 பேரும், அதிபரால் கடமையைச் செய்ய இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தால் துணை அதிபர் உடனே பொறுப்பேற்பார். அதிபர் தன்னால் முடியும் என்று எழுதினால், நான்கு நாளுக்குள் அவர்கள் மறுத்து எழுத வேண்டும். பிறகு காங்கிரஸ் 21 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பதவி நீக்கத் தீர்மானத்தைவிடக் கடினமான படி இது. 1967-ல் வந்த இந்தப் பிரிவை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

2024-ல் நடந்தது கட்சி விவகாரம். ஜூன் 27 விவாதத்தில் தடுமாறினார், ஜூலை 21-ல் போட்டியிலிருந்து விலகினார், தேர்தலுக்கு 107 நாள் இருந்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் ஏறக்குறைய எல்லோரும் அவருக்கு உறுதி தந்தவர்கள், அதனால் அவராக விலகாமல் அவரை மாற்றுவது நடைமுறையில் முடியாத காரியம். கமலா ஹாரிஸிடம் பிரச்சாரப் பணம் சட்டச் சிக்கல் இல்லாமல் போனதற்குக் காரணம், அந்தக் கணக்கே இருவர் பெயரிலும் பதிவாகியிருந்தது. வேறு ஒருவர் வேட்பாளராகியிருந்தால் அந்தப் பணம் அப்படியே கைமாறியிருக்காது. உட்கட்சித் தேர்தல்கள் தொடங்குவதற்கு முன்பே, 2023-லேயே, முடிவெடுத்திருந்தால் இந்த நெருக்கடி எதுவும் இல்லை.

சீனியாரிட்டிதான் இவர்களைப் பிடித்து வைத்திருக்கிறதா?

பெருமளவுக்கு ஆமாம். கமிட்டித் தலைமை அனுபவக் கணக்கில் வருகிறது. இருபது வருஷம் காத்திருந்து கிடைத்ததை யாரும் சும்மா விடுவதில்லை. பிரதிநிதிகள் சபையில் ரிபப்ளிக்கன்கள் 1995 முதல் ஒரு கமிட்டிக்கு ஆறு ஆண்டுதான் தலைமை என்று வைத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் பலர் சபையை விட்டே போய்விடுகிறார்கள். டெமாக்ரட்டுகளிடம் அப்படி வரம்பு இல்லை. சட்டத் திருத்தம் எதுவும் இல்லாமல், கட்சிக் கூட்டத்தில் ஒரு ஓட்டில் முடிக்கக்கூடிய வேலை இது.

எங்கள் உறவினர்கள் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். தங்கள் உறுப்பினர் இன்னும் வேலை பார்க்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சபையின் இணையதளத்தில் ஒவ்வொரு ஓட்டெடுப்பிலும் யார் போட்டார், யார் வரவில்லை என்று பெயரோடு இருக்கும். கடைசி மூன்று மாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கமிட்டி விசாரணை வீடியோக்களில், எழுதி வைத்ததை வாசிக்கிறாரா, சாட்சி சொன்ன பதிலுக்கு மறுகேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். எல்லா அறிக்கையும் ஊழியர்கள் பெயரில் வருகிறது, பொதுக்கூட்டம் ஒரு வருஷமாக இல்லை என்றால் கேள்வி கேட்க வேண்டிய நேரம். காலாண்டு நன்கொடைக் கணக்கு திடீரென்று வற்றினால் அவர் மறுபடி நிற்க மாட்டார் என்பதற்கான முதல் அறிகுறி அது.

கேட்பதென்றால் வேட்புமனு கடைசி நாளுக்கு ஆறு மாதம் முன்பாவது கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் விலகினால் அவர் கைகாட்டும் ஆள்தான் களத்தில் இருப்பார். கலிஃபோர்னியாவில் பதவியில் இருப்பவர் மனு போடாவிட்டால் மற்றவர்களுக்கு ஐந்து நாள் கூடுதல் அவகாசம் கிடைக்கும். எல்லா மாநிலத்திலும் அந்த வசதி கிடையாது. உங்கள் உறவினர்கள் முதலில் தங்கள் மாநிலத்தின் தேதியைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.