பட்டுப்பூவில் கல்யாணப் பூச்செண்டை வீட்டிலேயே கட்ட முடியுமா?

ஓகஸ்ட் கடைசியில் முல்லைத்தீவில் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம், உண்மையான ரோசா வெயிலுக்குத் தாங்காது என்கிறார்கள், பட்டுப்பூ வாங்கி நானே கட்டினால் மலிவாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கட்டலாம். இதுவரை ஏழு கட்டியிருக்கிறேன். முதலாவதைத் தவிர மற்ற ஆறும் மானத்தைக் காப்பாற்றின.

முதலாவது என் தங்கைக்கு. குளூ கன் ஒன்றை இரவல் வாங்கி, பூத்தலை எல்லாவற்றையும் சுடுபசையால் ஒட்டி, பெருமையோடு வான் வண்டியின் முன்பக்கத்தில் வைத்தேன். கண்ணாடி மூடிய வான், உச்சி வெயில், ஒரு மணித்தியாலம். பசை இளகிவிட்டது. தங்கை பீடத்தை நோக்கி நடக்கும்போது ஒரு ரோசா கழுத்து முறிந்து, பசை இழையில் தொங்கிக்கொண்டு போனது. வீடியோவில் அது ஆடுவது இன்றைக்கும் தெரிகிறது. பிள்ளைகள் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

உங்களுக்குச் சொன்னவர்கள் ரோசா விஷயத்தில் சரியாகத்தான் சொன்னார்கள். கடைக்கு வரும் நல்ல ரோசா பெரும்பாலும் மலைநாட்டுக் குளிரில் வளர்ந்தது. சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிற வன்னி ஓகஸ்டில் அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

பூ வாங்க வவுனியா பசார் வீதிப் பக்கம் போவதாக இருந்தால் ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு முந்திய நாட்களைத் தவிருங்கள். அந்தக் கிழமை பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. ஜூலையிலேயே வாங்கிவிடுவது நல்லது. பட்டு என்று பெயர் இருந்தாலும் விற்பனைக்கு இருப்பதில் பெரும்பகுதி பொலியெஸ்டர் துணிதான். தூய வெள்ளையை எடுக்கவேண்டாம். கமரா வெளிச்சத்தில் அது நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி பளிச்சிடும். கொஞ்சம் மஞ்சள் கலந்த, பசும்பால் ஆடை நிறம் பாருங்கள். வெள்ளையை வாங்கித் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். பொலியெஸ்டர் தேயிலையைக் குடிக்காது. ஒரு சட்டிச் சாயம்தான் வீணாகியது.

உங்கள் பூச்செண்டுக்குப் பெரிய ரோசா 9, நடுத்தரம் 7, மொட்டு 5, இடையில் செருகச் சிறுபூ ஒரு கட்டு போதும். சேலை கட்டுவதாக இருந்தால் அகலம் 22 சென்ரிமீற்றரைத் தாண்டவேண்டாம். அதற்கு மேல் போனால் கொய்யகத்தையும் கரையையும் மறைத்துவிடும். அவ்வளவு காசு கொடுத்து எடுத்த சேலை படத்திலே விழாமல் போகும்.

இனி மலிவுத் தோற்றம். அதற்கு முதல் காரணம் இலைதான். துணிப்பூவோடு வருகிற பிளாஸ்ரிக் இலையைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். நான் அவ்வளவையும் பிய்த்து எறிந்துவிடுவேன். இதழில் பனித்துளி என்று ஒட்டியிருக்கும் பசைப் பொட்டுகளையும் நகத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். இலையின் இடத்துக்கு நான் வைப்பது பனங்குருத்தோலை. நிழலில் உலர்த்தி, விரல் அகலத்தில் கிழித்து, வளையமாக மடித்து, அடியில் கம்பி சுற்றிச் செருகினால் பூவின் நிறத்தோடு அப்படியே சேர்ந்துவிடும், வாடவும் மாட்டாது. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்த பெரியம்மா ஒருவர் உங்கள் வீட்டில் கட்டாயம் இருப்பார். அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள், உங்களைவிட அழகாக மடிப்பார்.

இரண்டாவது காரணம் இதழ். பெட்டிக்குள் நசுங்கி வந்த பூ எல்லாம் ஒரே அச்சில் இருக்கும். கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவிக்கு ஒரு சாண் தள்ளிப் பூவைப் பிடியுங்கள். துணி இளகியதும் வெளி இதழின் விளிம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துப் பின்பக்கமாக உருட்டிவிடுங்கள். ஒரு பூவில் இரண்டு இதழை உருட்டினால் இன்னொன்றில் நான்கு, மற்றொன்றைத் தொடாமலே விடுங்கள். உருட்டிய இதழ் ஆறும்வரை விரலை எடுக்கக்கூடாது. ஒரு பின்னேரம் முழுக்கப் போகும், விரலும் சுடும். ஆனாலும் கடைப்பூ வீட்டுப்பூவாக மாறுவது இங்கேதான்.

அடுத்தது கழுத்து. துணி ரோசாவின் தலை தண்டில் சும்மா செருகித்தான் இருக்கும், இழுத்தால் கையோடு வரும். பசையை நம்பவேண்டாம் என்று என் தங்கையின் வீடியோ சாட்சி சொல்கிறது. மெல்லிய கம்பியைப் பூவின் அடிக்கிண்ணத்தில் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, இரண்டு முனையையும் கீழே மடக்கித் தண்டோடு முறுக்குங்கள். அதன் மேல் மெழுகு பூசிய பச்சைத் தாள் நாடாவைச் சுற்றவேண்டும். அந்த நாடாவைச் சும்மா சுற்றினால் ஒட்டாது, இழுத்துச் சுற்றினால்தான் மெழுகு பிடிக்கும்.

கட்டும் விதம், நடுவில் கட்டிய வைக்கோல் கட்டை முறுக்கி நிறுத்தினால் மேலும் கீழும் விரிவது போன்றது. ஒரு ரோசாவை நேராகப் பிடியுங்கள். அடுத்ததைச் சற்றுச் சாய்த்து அதன் மேல் வையுங்கள். கட்டைக் கையிலேயே கொஞ்சம் திருப்பி, அடுத்ததையும் அதே பக்கம் சாய்த்து வையுங்கள். ஒன்றுகூட எதிர்ப்பக்கம் சாயக்கூடாது. தண்டுகள் எல்லாம் ஓரிடத்தில் குறுக்கிட்டு நிற்கும், மேலே தானாகவே வட்டம் விழும். குறுக்கிடுகிற இடத்தில் கட்டுங்கள். நான் ஒருமுறை தங்கூசி என்கிற நைலோன் தூண்டில் நரம்பால் கட்டினேன், முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. மீன்வலை பின்னுகிற முறுக்கிய வலைநூல்தான் சரி. முல்லைத்தீவில் அதற்கா பஞ்சம்?

கைப்பிடிக்கு இரண்டு பிடி நீளம் விட்டு மிச்சத்தைக் குறடால் நறுக்குங்கள். நறுக்காத கட்டு கனக்கும். என் இரண்டாவது செண்டைத் தராசில் வைத்தபோது 900 கிராம் காட்டியது, வெட்டியபின் பாதிக்குக் கொஞ்சம் மேல். பூசை முடிந்து படம் எடுத்து முடியும்வரை மணப்பெண் அதைச் சுமக்கவேண்டுமே. கம்பி முனைகளுக்குப் பஞ்சு வைத்து நாடா சுற்றி, அதன் மேல் ரிபன். முனை வெளியே நீட்டினால் முக்காட்டு வலையிலோ சரிகையிலோ மாட்டிக் கிழித்துவிடும். ரிபனுக்குக் குத்தும் குண்டூசியை மேல்நோக்கிச் சாய்வாகக் குத்துங்கள், கூர் உள்ளேயே நிற்கும்.

தயவுசெய்து வானின் முன்பக்கத்தில் வைக்காதீர்கள். வாய் அகன்ற போத்தலில் நிறுத்தி, யாராவது மடியில் வைத்துக்கொண்டு வரட்டும்.

இன்னொன்று. திருப்பலி முடிந்து மாதா சுரூபத்தின் முன்னால் பூ வைக்கப் போவீர்கள் அல்லவா, அங்கே துணிப்பூ வைக்க எனக்கு மனம் வராது. அன்று விடியற்காலை வீட்டு நந்தியாவட்டையில் ஒரு பிடி பறித்து, அதே வலைநூலால் கட்டி, ஈரத்துணி சுற்றித் தோழியின் கையில் கொடுத்து வையுங்கள். உங்கள் கையிலிருக்கும் பெரிய செண்டை அந்த நேரம் வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதை முதலே சொல்லி வையுங்கள். என் தங்கை அதைக் கொடுக்க ஆளில்லாமல் மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டாள். அதுவும் வீடியோவில் இருக்கிறது.