அம்மாவின் இடுப்புக்குக் கீழே சிவப்பு: முதியோர் இல்லத்தில் என்ன கேட்பது?

முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருப்பதை வேர்க்குரு என்று அங்கே சொன்னால், அப்படியே விட்டுவிடாதீர்கள். எழுந்து நடக்காதவருக்கு வால் எலும்பின் மேல் சிவந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்தால்தான் இந்தப் புண் வரும். இரவில் ஆள் குறைவாக இருந்தால் திருப்பிப் படுக்க வைக்காமல் விட்டிருக்கலாம்.

சிவந்த இடத்தை விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் இது சரியாகத் தெரியாது, அதனால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். தேய்க்க மட்டும் வேண்டாம்.

அப்புறம், திருப்பிப் போட்ட நேரம் எழுதும் நோட்டைக் கேளுங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பதிவு இருக்கணும், ராத்திரியிலும்தான். எல்லா வரியும் ஒரே மூச்சில் எழுதின மாதிரி இருந்தால் நம்பாதீர்கள். மழுப்பினால் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிடுங்கள்.