நம்பிக் கொடுத்த நகை, போனில் வந்த பதில்

கேள்வி: என் கணவர் காலமாகிவிட்டார். மகளின் பிரசவத்துக்காக 2025 மார்ச்சில் சிங்கப்பூர் போனேன். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போக வேண்டியிருந்ததால், காசுமாலை, இரட்டை வடச் சங்கிலி, ஆறு வளையல் என 22 பவுன் நகையைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓரகத்தியிடம் கொடுத்தேன். எழுதி எதுவும் வாங்கவில்லை. சொந்தத்துக்குள் எப்படிக் கேட்பது? சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் 'நகை பத்திரம்மா' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'அக்கா, காசுமாலை, செயின், வளையல் எல்லாம் எங்க பீரோலதான் இருக்கு. நீங்க பேத்தியப் பாருங்க' என்று பதில் வந்தது. செப்டம்பரில் திரும்பி வந்து கேட்டபோது நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தாள். பிறகு ஒருநாள், 'வட்டி கட்டிட்டேன் அக்கா, தை பொறந்ததும் எடுத்துக் குடுத்துடறேன்' என்று மெசேஜ் அனுப்பினாள். தை முடிந்துவிட்டது. இப்போது, 'நீங்க நகையே கொடுக்கலை' என்கிறார்கள். காவல் நிலையத்தில், 'குடும்பத் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்க. வாட்ஸ்அப் எல்லாம் சாட்சி ஆகாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்வது உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: இரண்டுமே உண்மையில்லை அம்மா. கணவரை இழந்த ஒரு பெண் 22 பவுனைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும்போது இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

சட்டத்தைப் பேசுவதற்கு முன்னால் உங்கள் போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த மெசேஜ்கள் எந்தப் போனில் வந்தனவோ, அந்தப் போனை மாற்றாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். ரிப்பேர் கடையில் 'எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தர்றேன்' என்றால் சம்மதிக்காதீர்கள். வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதும் வேண்டாம். உரையாடல் முழுவதையும் பேக்கப் எடுத்து, மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். உங்களுக்குச் சாதகமான இரண்டு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்தவர்கள் நீதிமன்றத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே கேட்பார்.

இனி வழக்குக்கு வருவோம். இது திருட்டு ஆகாது. நம் சம்மதம் இல்லாமல் நம் கைவசத்திலிருந்து எடுத்தால்தான் திருட்டு. நீங்களே நம்பிக் கொடுத்ததை அவர் தனதாக்கிக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு அது. 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். (2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவமாக இருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 406-வது பிரிவு. அதில் அதிகபட்சம் 3 ஆண்டுதான். அந்த வழக்குகளை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள 3 ஆண்டுக் கெடுவும் உண்டு. பழைய விவகாரம் வைத்திருக்கும் வாசகர்கள் காலம் கடத்த வேண்டாம்.) சிவில் வழக்கு போட வழி இருக்கிறது என்பதால் குற்ற வழக்கு இல்லையென்று ஆகிவிடாது. சொந்தக்காரர்களுக்கு இந்தப் பிரிவில் விதிவிலக்கும் இல்லை. சீதன நகையைத் திருப்பித் தராத கணவர் மீதே இந்தக் குற்றச்சாட்டு நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது.

எதை நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். எந்தக் கடையில் அடகு வைத்தாள், என்றைக்கு வைத்தாள், பணத்தை என்ன செய்தாள் என்பதையெல்லாம் நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. நிரூபிக்க வேண்டியது மூன்றுதான்: நகை உங்களுடையது, அதைப் பாதுகாக்கக் கொடுத்தீர்கள், கேட்டபோது வரவில்லை. அச்சாணி நடுவில் இருக்கும் 'கொடுத்தேன்' என்பதுதான். சாயம் போடக் கொடுத்த துணியைத் திருப்பித் தராத ஒரு கம்பெனியின் வழக்கில், ஜெய்கிருஷ்ணதாஸ் தேசாய் தீர்ப்பு, 1960, உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒப்படைத்தது நிரூபணமாகி, வாங்கியவர் கணக்குச் சொல்லாமலோ பொய்க் கணக்குச் சொல்லியோ நின்றால், கெட்ட எண்ணத்தோடு எடுத்துக்கொண்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

இப்போது உங்கள் மெசேஜ்களைப் பாருங்கள். முதல் பதிலில் அவளே காசுமாலை, செயின், வளையல் என்று பெயர் சொல்லி, தன் பீரோவில் இருப்பதாக எழுதியிருக்கிறாள். நீங்கள் எழுதி வாங்கவில்லை என்று வருந்தும் ரசீது அதுதான். இரண்டாவதில் வட்டி கட்டியதாகச் சொல்கிறாள். பீரோவில் இருக்கும் நகைக்கு யாரும் வட்டி கட்டுவதில்லை. போலீஸிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் சாட்சியம் ஆகாது. ஆனால் வழக்கு என்ற பேச்சே எழாத நாளில் உங்களுக்கு அவளாக எழுதியது சாட்சியம் ஆகும்.

'அந்தப் போனில் வேறு யாரோ டைப் செய்தார்கள்' என்பார்கள். அதனால் அந்த எண் அவளுடையது என்பதற்கு மற்ற தடயங்களையும் சேருங்கள்: வாய்ஸ் மெசேஜ், அவள் அனுப்பிய குடும்பப் படங்கள், அதே எண்ணில் பேசிய நாட்கள். நகைக் கடை பில், அந்தக் காசுமாலை போட்டுக்கொண்டு எடுத்த கல்யாண போட்டோ, சிங்கப்பூர் போய்வந்த தேதிகள் பதிந்த பாஸ்போர்ட் எல்லாம் வேண்டும். நகை கொடுத்தபோது உடன் இருந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பெயரையும் புகாரில் எழுதுங்கள். மெசேஜ் தனியாக நிற்பதைவிட இவற்றோடு சேர்ந்து நிற்கும்போது பலம் பல மடங்கு.

நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்யும் முறைக்கு வருகிறேன். வெறும் பிரிண்ட் அவுட் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் இதுதான் 65-பி. இதற்கு இரண்டு பகுதி. முதல் பகுதியில் போனுக்குரியவர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். போனின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பதிவின் ஹாஷ் மதிப்பு எல்லாம் அதில் வரும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திடுவார். ஹாஷ் மதிப்பு என்பது அந்தக் கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு நீளமான அடையாள எண். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அந்த எண்ணை எடுத்த பிறகு திருத்தியதாகச் சொல்ல முடியாது. போனின் சொந்தக்காரரே கூண்டில் ஏறி அசல் போனைக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது பழைய சட்டத்தின் கீழ். என் யோசனை, போனையும் காட்டுங்கள், சான்றிதழையும் கொடுங்கள்.

புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். இந்த அளவு தண்டனையுள்ள குற்றத்தில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைத் தாண்டி இழுக்கக் கூடாது. வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம். போலீஸ் போனைக் கேட்டால் எழுத்துமூலமான ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள்.

நகை வங்கியிலோ அடகுக் கடையிலோ இருந்தால், அங்கே கணக்குப் புத்தகம் இருக்கும். போலீஸ் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கைப்பற்றிய பிறகு, தீர்ப்பு வரும் வரை அது கோர்ட் பெட்டகத்தில் கிடக்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்து, எடை குறித்து, பத்திரம் எழுதிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்பது 2002-ல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடுவில் அவர்கள் நகையைக் கொண்டுவந்து கொடுத்தால், நீதிமன்ற அனுமதியோடு சமரசம் ஆகலாம். பெரியவர்கள் பஞ்சாயத்தில் 'முதல்ல கேஸை வாபஸ் வாங்கு, அப்புறம் நகை' என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நகை முதலில் உங்கள் கைக்கு வரட்டும்.

கேள்வி: நண்பருக்கு 2 லட்சம் கைமாற்றாகக் கொடுத்தேன். 'கண்டிப்பா தந்துடறேன்டா' என்று மெசேஜ் இருக்கிறது. தரவில்லை. இதுவும் நம்பிக்கை மோசடிதானே?
– வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை தம்பி. கடனாகக் கொடுத்த பணம் கொடுத்த அன்றே அவருடையதாகிவிடுகிறது. அதே தொகையைத் திருப்பித் தரும் கடமைதான் அவருக்கு. இதற்கு சிவில் வழக்குத்தான் வழி. பணம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். அந்த மெசேஜ் அங்கே நன்றாகப் பயன்படும். மேலே சொன்ன சான்றிதழ் அங்கும் வேண்டும். பணத்தை அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து வையுங்கள். 'என் சார்பில் இதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டிவிடு' என்று சொல்லிக் கொடுத்து, அவர் கட்டாமல் செலவழித்திருந்தால் விஷயமே வேறு. அப்படி ஏதாவது இருந்தால் முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.