சின்னத் தையல் மெசினுக்கு வீட்டிலேயே நீட்டுப் பலகை செய்யலாமா?

மேசையில் வைக்கும் சின்ன மெசினில் திரைச்சீலை தைத்தால் துணியின் பாரம் இழுத்துத் தையல் கோணிப் போகிறது, துணியைத் தாங்க மெசினைச் சுற்றி ஊசித்தட்டு மட்டத்துக்கு வைக்கும் நீட்டுப் பலகையை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். 12 மி.மீ. பிளைவூட் ஒரு துண்டு போதும்.

முக்கியம் உயரம்தான். மெசினின் உதிரிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, மேசையிலிருந்து ஊசித்தட்டு வரை அளந்துகொள்ளுங்கள். அதில் பலகையின் 12 மி.மீ. கழித்தால் வருவது கால் உயரம். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் துணி தட்டும். அதனால் மரக்காலைக் கொஞ்சம் கட்டையாக வெட்டி, அடியில் போல்ட்டும் நட்டும் போடுவதுதான் புத்தி. திருகித் திருகிச் சமப்படுத்தலாம்.

மெசின் நுழையும் வெட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். பொபின் முன்பக்கம் போடுவதென்றால் அங்கே விரல் போக வழி விடுங்கள். இல்லாவிட்டால் நூல் முடியும்போதெல்லாம் பலகையை இழுக்கவேண்டி வரும்.

அப்புறம், திருகோணமலை உப்புக்காற்று சும்மா விடாது. இரும்பு ஆணி துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை வைக்கும். பித்தளை ஆணி வாங்குங்கள். விளிம்புகளை மண்கடதாசியால் நன்றாகத் தேய்த்து வார்னிஷ் பூசுங்கள். மாரிக்கு முன்பே பூசிவிடுங்கள், மழை ஈரத்தில் அது லேசில் காயாது.